இலவசப் பிரதி யாருக்கு இலவசம்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு கார் பந்தய கேமை 'அரைவேக்காடு' என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் காரைப் பற்றிப் பேசியவை கொஞ்சம்தான். மீதி எல்லாம் விமர்சகர்களின் யோக்கியதையைப் பற்றியவை, என்னுடையதையும் சேர்த்துத்தான். ஆகவே புதிதாக எந்த கேம் வாங்கலாம் என்று கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கேம் எது வந்தாலும் வெளிநாட்டுத் தளங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்றே போடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டுதானே எழுதுகிறார்கள், அக்கா?
*– கல்லூரி மாணவர், உதகை*

உறையில் பணம் வைத்து நீட்டுவதெல்லாம் பழைய முறை, தம்பி. கேம் உலகில் அதற்கு அவசியமே இல்லை.

ஒரு பெரிய கேமை முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். அது கடைக்கு வரும் நாளிலேயே விமர்சனமும் வந்தால்தான் ஆட்கள் படிப்பார்கள். ஒரு வாரம் தாமதித்தால் ஊரே அடுத்த கேமுக்குப் போயிருக்கும். எனவே விமர்சகருக்கு முன்கூட்டியே பிரதி வேண்டும். அதைக் கொடுப்பது யார்? கேமை வெளியிடும் நிறுவனம். விமர்சனம் வரும் பக்கத்தில் விளம்பரம் போடுவது யார்? அதே நிறுவனம். வடிவமைப்பாளரின் பேட்டிக்கு நேரம் ஒதுக்குவதும் அவர்கள்தான். இவ்வளவும் ஒரே கையில் இருக்கும்போது யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. எழுதுகிறவரே ஏழு என்று நினைத்ததை எட்டாக்கி, நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

மிரட்டல் வெளிப்பட்ட சம்பவமும் உண்டு. 2007 நவம்பரில் 'கேம்ஸ்பாட்' தளத்தின் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அந்தச் சமயம் தளத்தின் முகப்பு முழுக்க அதே கேமின் விளம்பரம். வெளியிட்டது ஐடோஸ் நிறுவனம். சில வாரங்களில் கெர்ஸ்ட்மனுக்கு வேலை போய்விட்டது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர். காரணத்தை நிர்வாகம் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி அவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்தடுத்து அங்கிருந்து சக ஊழியர்கள் சிலரும் வெளியேறினார்கள். அவர் 2008-ல் 'ஜயண்ட் பாம்' என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், 2012-ல் கேம்ஸ்பாட்டின் தாய் நிறுவனமே அந்தத் தளத்தை விலைக்கு வாங்கியது. வாய்ப்பூட்டும் அப்போதுதான் கழன்றது. குறைந்த மதிப்பெண்களால் விளம்பரதாரர் பக்கமிருந்து வந்த நெருக்கடியில் நிர்வாகம் பதறிப்போனதை அவர் அதன் பிறகே வெளிப்படையாகச் சொன்னார்.

வேலையை விட்டு நீக்குவது கடைசி ஆயுதம். அதற்கு முன்பே ஒன்று இருக்கிறது: பேசாமல் இருந்துவிடுவது. 'கோட்டாகு' தளம் வெளிவராத 'ஃபால்அவுட் 4' பற்றியும், 'அஸாஸின்ஸ் க்ரீட்' வரிசையில் அடுத்து வரவிருந்ததைப் பற்றியும் கசிந்த தகவல்களைச் செய்தியாக்கியது. அவற்றை வெளியிடும் நிறுவனங்களான பெதெஸ்டா, யூபிசாஃப்ட் இரண்டுமே அந்தத் தளத்துக்குப் பிரதி தருவதையும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதையும் நிறுத்திக்கொண்டன. 2015 நவம்பரில் கோட்டாகு இதைத் தன் வாசகர்களுக்குச் சொன்னபோது, கேமைக் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த விமர்சனங்களை இன்னும் கூடுதலாகவே நம்பலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு போடுகிறவர்களில் பலருக்கு அந்த கேம் நிஜமாகவே பிடித்திருக்கிறது. கார் பந்தயப் பைத்தியத்திடம்தான் கார் பந்தய கேமைக் கொடுப்பார்கள். அதைக் கையூட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் இலவசப் பிரதி வாங்குவதுண்டா? நேரடியாகப் பதில் சொல்லவும்.
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குன்னூர்*

உண்டு, ஐயா. வந்தால் வாங்குவேன்; வாங்கினேன் என்று முதல் பத்தியிலேயே எழுதுவேன். பெரும்பாலும் வருவதில்லை. கோத்தகிரியில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறவளுக்கு முன்பிரதி அனுப்ப வேண்டும் என்று எந்த நிறுவனத்துக்கும் தோன்றாதது ஒரு வகையில் எனக்குச் சௌகரியம். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் விலை போட்ட கேம்களைத் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குகிறேன். மாதம் ஒரு கேமுக்கு இந்தப் பத்திரிகை பணம் தருகிறது. அதனால்தான் என் விமர்சனங்கள் எல்லோருக்கும் கடைசியாக வருகின்றன. தாமதத்துக்கு மழையும் ஒரு காரணம். அரவேணு பக்கம் மரம் சாய்ந்து இணையக் கம்பி அறுந்தால், நூறு ஜிபி கேம் பாதியிலேயே நிற்கும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் பெங்களூரில் ஒரு கேம் நிறுவனத்தில் ஓவியன். அந்த நிறுவனத்தின் கேம்களைப் பற்றி நான் எழுதுவதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அவனுக்கு இதில் வருத்தம்தான்.

கேம் விமர்சகர் ஆக என்ன படிக்க வேண்டும்?
*– பிளஸ் டூ மாணவி, அருவங்காடு*

எதையாவது முழுதாகப் படி, கண்ணு. நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தத்தையும் சேர்த்து.

'இந்தத் தேதிக்கு முன் விமர்சனம் வெளியிடக் கூடாது' என்று நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றனவாமே. இதற்குச் சம்மதிப்பதே தப்பில்லையா? எங்கள் வீட்டில் தேயிலைத் தோட்டம். நாங்கள் யாருக்கும் இப்படி வாக்குக் கொடுப்பதில்லை.
*– வாசகர், கட்டபெட்டு*

தேதி போடுவது மட்டும் தப்பில்லை. எல்லோருக்கும் ஒரே தேதி என்றால், நான்தான் முதலில் என்று பாதி ஆடிவிட்டு எழுதுகிற அவசரம் குறையும். வாசகருக்கும் நல்லது. தேதி எங்கே விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2014 நவம்பர் 11 அன்று 'அஸாஸின்ஸ் க்ரீட் யூனிட்டி' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது நள்ளிரவில். விமர்சனத்துக்கு அனுமதி அதே நாள் நண்பகலில்! வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்த பிறகுதான், கதாபாத்திரங்களின் முகத்தோல் காணாமல் போய், பல்லும் கண்ணும் மட்டும் காற்றில் மிதக்கும் படங்கள் வெளியே வந்தன. யூபிசாஃப்ட் பிறகு மன்னிப்புக் கேட்டு, வாங்கியவர்களுக்கு ஈடும் கொடுத்தது.

தேதியைவிட மோசமான நிபந்தனை ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக் கதையே இதற்குப் பொருந்தும். பச்சைத் தேயிலையைப் பறித்து மூட்டை கட்டிக் கொண்டுபோகிறீர்கள். எடை போடும் தராசு வாங்குகிறவர் கையில். மழை நாள் என்றால் ஈரத்துக்கென்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ என அவரே கழித்துக்கொள்வார். எடை பொய் என்று உங்களால் நிரூபிக்க முடியாது, மெய் என்று நம்பவும் முடியாது.

2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077'-க்கு நடந்தது இதுதான். டிசம்பர் 10 அன்று விற்பனை. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிக்கான பிரதி மட்டும். பழைய கேம் கருவிகளான பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் எப்படி ஓடுகிறது என்று யாரும் பார்க்க முடியவில்லை. விமர்சன வீடியோவிலும் அவரவர் ஆடிய காட்சியைக் காட்டக் கூடாது. கேமை உருவாக்கிய சிடி புரொஜெக்ட் நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. நல்ல கணினியில் அது நல்ல கேம்தான், மதிப்பெண்களும் குவிந்தன. பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தபோது அது தடுக்கி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்து, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அந்த கேமை எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில்.

அந்த நிபந்தனைகளை அப்போதே தங்கள் கட்டுரையில் எழுதிய தளங்களும் இருந்தன. கணினிப் பிரதிதான் வந்தது, காட்சிகள் எங்களுடையவை அல்ல என்று இரண்டு வரி. அதைப் படித்துவிட்டுப் பொறுத்திருந்தவர்களுக்குப் பணம் மிச்சம்.

கேம் கம்பெனியே சொந்தமாகப் பத்திரிகை நடத்தினால்?
*– வாசகர், கேத்தி*

நடத்தியிருக்கிறது. 'நின்டென்டோ பவர்', 1988 முதல் 2007 வரை. நிறுவனத்தின் பெயரே அட்டையில் இருந்ததால் யாரும் ஏமாறவில்லை.

மதிப்பெண்ணையே ஒழித்துவிட்டால் இந்தத் தொல்லை தீராதா?
*– வங்கி ஊழியர், கூடலூர்*

பாதி தீரும். எல்லா விமர்சனங்களின் மதிப்பெண்களையும் திரட்டிச் சராசரி போடும் 'மெட்டாக்ரிட்டிக்' என்ற தளம் இருக்கிறது. 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கியது அப்சிடியன் என்ற நிறுவனம், வெளியிட்டது பெதெஸ்டா. சராசரி 85 வந்தால் அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். வந்தது 84. ஊக்கத்தொகை கிடைக்காத விஷயத்தை 2012-ல் அப்சிடியனைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் சொல்லித்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. யாரோ ஒரு விமர்சகர் ராத்திரி ஒரு மணிக்கு ஏழா, ஏழரையா என்று யோசித்துப் போட்ட எண், முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் வீட்டு வாடகையில் போய் நிற்கிறது. விமர்சகர் கேட்டு வாங்கிய அதிகாரம் இல்லை இது. ஆனாலும் இது தெரிந்த பிறகு கை நடுங்காமல் ஆறு போடுவது கஷ்டம். நான் மதிப்பெண் போடாததற்கு இதுதான் காரணம். சோம்பேறித்தனம் என்று எழுதிய நண்பருக்கும் இதையே பதிலாகச் சொல்கிறேன்.

2014-ல் இணையத்தில் நடந்த 'கேமர்கேட்' கிளர்ச்சி இதழியல் நேர்மைக்கான போராட்டம்தானே? நீங்கள் ஏன் அதைப் பற்றி எழுதுவதே இல்லை?
*– மென்பொருள் ஊழியர், கொடைக்கானல்*

அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அது தொடங்கிய விதத்தைப் பாருங்கள். ஒரு பெண், மன அழுத்தத்தைப் பற்றிக் காசு வாங்காமல் ஒரு சிறிய எழுத்து கேம் செய்து வெளியிட்டிருந்தார். அவருடைய முன்னாள் காதலர் 2014 ஆகஸ்டில் அவரைப் பற்றி நீளமாக ஏதோ எழுதினார். உடனே, ஒரு பத்திரிகையாளருடன் உறவு வைத்துக்கொண்டு அவர் நல்ல விமர்சனம் வாங்கிவிட்டார் என்று இணையத்தில் சிலர் கிளப்பிவிட்டார்கள். அந்தப் பத்திரிகையாளர் அந்த கேமுக்கு விமர்சனமே எழுதவில்லை. இல்லாத விமர்சனத்துக்கு லஞ்சம்! அதற்காக அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல். அவர் வீட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கேம்களில் பெண்களைச் சித்தரிக்கும் விதத்தை விமர்சித்துவந்த அனிதா சர்க்கீசியன், அதே ஆண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். வந்தால் துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்து, அந்தக் கூட்டம் ரத்தானது.

அதற்கு ஏழு வருடம் முன்பு கெர்ஸ்ட்மன் வேலை இழந்தபோதும் வாசகர்கள் கொதித்தார்கள்தான். ஆனால் அதற்குக் காரணமான நிறுவனத்து முதலாளிகள் யாரும் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்ததாக நான் படித்ததில்லை. கோடிகளில் விளம்பரம் தருகிறவரை விட்டுவிட்டு, காசில்லாமல் கேம் செய்தவரைத் துரத்துவதற்குப் பெயர் நேர்மைப் போராட்டம் என்றால், எனக்கு வேறு அகராதிதான் வாங்க வேண்டும்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு சில தளங்கள் விதிகளை இறுக்கியது உண்மை. தனிப்பட்ட கேம் படைப்பாளிகளுக்கு மாதாமாதம் ரசிகர்கள் பணம் அனுப்பும் 'பேட்ரியான்' முறையில் தங்கள் எழுத்தாளர்கள் பணம் போடக் கூடாது என்றது கோட்டாகு. போட்டால் அதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும் என்றது 'பாலிகன்' தளம். நல்ல விதிகள். மிரட்டியவர்களுக்கு அதற்காக நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மகன் ஒரு யூடியூபரின் பேச்சைக் கேட்டு ஒரு கேமில் பணம் கட்டிவிட்டான். அந்த ஆள் பத்திரிகையாளரும் இல்லை. அவரை யார் கேட்பது?
*– இல்லத்தரசி, பந்தலூர்*

சட்டம் கேட்கும், அம்மா. நேரம் எடுத்துக்கொண்டாலும் கேட்கும்.

ஏமாந்தது உங்கள் மகன் மட்டுமல்ல. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' கேமில் வரும் துப்பாக்கிகளுக்கு விதவிதமான வண்ண உறைகள் உண்டு. அவற்றைப் பணயம் வைத்துச் சூதாடும் இணையதளங்கள் முளைத்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புகழ்பெற்ற இரண்டு யூடியூபர்கள், புதிதாக ஒரு தளம் கண்ணில் பட்டது என்ற தோரணையில் அதில் ஆடி, ஆயிரக்கணக்கில் ஜெயித்து, துள்ளிக் குதித்து வீடியோ போட்டார்கள். தளத்தின் முதலாளிகளே அவர்கள்தான் என்பது 2016-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2017-ல் அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது.

சூதாட்டம் இல்லாத கேமிலும் இது உண்டு. 2014-ல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது. நல்லவிதமாகவே பேச வேண்டும், கேமில் உள்ள கோளாறுகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய விவரம் எங்கே இருந்தது தெரியுமா? வீடியோவுக்குக் கீழே, 'மேலும் காண்க' என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்தில். இதுவும் அதே ஆணையத்திடம் போய் 2016-ல் முடிந்தது.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பணம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், பயணம், ஓட்டல் வாசம், பங்கு, சொந்தபந்தம் எதுவானாலும் பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் காட்ட வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50 லட்சம் வரை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு என்றால் விஷயம் இன்னும் தீவிரம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்கிறது.

இன்றே செய்ய வேண்டியது: அந்த வீடியோவின் முகவரி, பணம் போன ரசீது, தேதி மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பிறகு மகனைத் திட்டலாம்.

எனக்குச் சின்னதாக ஒரு கேமிங் சேனல் இருக்கிறது. ஒரு மொபைல் கேம் அறிமுக விழாவுக்கு, கொடைக்கானலில் இரண்டு நாள் ரிசார்ட் தங்கல், ஒரு போன் எல்லாம் தருகிறார்கள். போகலாமா, அக்கா?
*– இளைஞர், தாண்டிக்குடி*

போ, தம்பி. நானும் இப்படி ஒரு விழாவுக்குப் போயிருக்கிறேன். குன்னூரில் ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களா. வாசலில் கேம் வீரனின் ஆளுயர அட்டை, உள்ளே இஞ்சித் தேநீர், வர்க்கி. ஆடிப் பார்க்க வைத்திருந்த கணினியின் விலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றலாம். நாற்காலிக்குப் பின்னால் நிறுவனத்துப் பையன் ஒருவன் நின்றுகொண்டே இருந்தான். நல்ல பிள்ளை, சிரித்த முகம். கேமில் இடது பக்கம் ஒரு மரக்கதவு தெரிந்தது. அதை நோக்கி நடந்தேன். "அந்தப் பக்கம் வேண்டாம் மேடம், அது இன்னும் தயாராகவில்லை" என்றான். வலது பக்கம் போனேன். அங்கே எதிரிகள் வரிசையாக வந்து, அழகாகச் செத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது, கைதட்டல்.

திரும்பும்போது ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே ஹெட்போன், ஊர்ச் சாக்லேட், என்ன குறிச்சொற்களோடு பதிவிட வேண்டும் என்று அச்சிட்ட அட்டை. ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டோம் என்றார்கள். மேசைமேல் வைத்துவிட்டு, வைத்ததற்கு ஒரு ரசீது கேட்டேன். அந்தப் பையனின் சிரிப்பு அப்போதுதான் முதல்முறையாக நின்றது. சாக்லேட் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. நான் எழுதியது அரைப்பக்கம்: எங்கே அழைத்தார்கள், என்ன கொடுத்தார்கள், எந்தக் கதவைத் திறக்கவிடவில்லை. விமர்சனம் எழுதவில்லை. கேம் கடைக்கு வந்த பிறகு வாங்கி, அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். (உள்ளே ஒன்றுமில்லை. வெறும் களஞ்சிய அறை.)

எனவே போய், பார்த்ததைச் சொல். வீடியோவின் முதல் வாக்கியமே "தங்க இடமும் போனும் இந்த கேம் நிறுவனம் கொடுத்தது" என்பதாக இருக்கட்டும். விமர்சனம் என்று தலைப்பு வைக்காதே. வீடியோவை வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அழைப்பில் எங்காவது இருந்தால், அது விளம்பர வேலை. அதற்கான கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு விளம்பரம் என்றே போடு, அதில் கேவலம் ஒன்றுமில்லை. போனை நீயே வைத்துக்கொள்வதாக இருந்தால் வரியும் இருக்கிறது. ஓர் ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டும் இத்தகைய அன்பளிப்புகளுக்கு 10 சதவீதம் வரிப்பிடித்தம் 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதை யார் கட்டுவது என்று போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கு.

சென்ற இதழில் ஒரு கேமிங் லேப்டாப்பைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பின்னட்டையைத் திருப்பினால் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம்! ஊருக்கு உபதேசமா?
*– வாசகர், வெலிங்டன்*

நியாயமான கேள்வி. லேப்டாப் இரவல் வாங்கியது, கூரியரில் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்று கட்டுரையின் இரண்டாவது வரியில் இருக்கிறது. விளம்பரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. விளம்பரப் பிரிவு சென்னையில். நான் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்புவதோடு சரி. பின்னட்டையில் என்ன வருகிறது என்று இதழ் பஸ்ஸில் கோத்தகிரி வந்து சேர்ந்த பிறகு, உங்களைப் போலத்தான் நானும் பார்க்கிறேன். யாரும் என்னைப் பாராட்டச் சொல்லவில்லை. அந்த லேப்டாப்பின் விசிறி சத்தத்தைத் திட்டிய பத்தியை யாரும் வெட்டவுமில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவே உள்ள சுவர் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது பாராட்டும் விளம்பரமும் மட்டும்தான். ஆகவே, நான் எழுதும் பொருளின் விளம்பரம் அதே இதழில் வந்தால், இந்தப் பக்கத்தின் மேலேயே அதை ஒரு வரியில் அச்சிட வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பக்க அமைப்பு முடிந்த பிறகுதான் விளம்பரங்கள் உறுதியாகும், நடைமுறைச் சிக்கல் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் லேப்டாப் கட்டுரைகளை ஓர் இதழ் தள்ளிப் போடுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த மாதம் பின்னட்டையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இதழ் உங்கள் ஊருக்குத்தான் ஒரு நாள் முன்னதாக வருகிறது.